24 மணி நேர பிபி ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்? (ஒரு பதிவின் எண்கள் உள்ளே)

#1 சிற்றூர்_ஃபிசிஷியன்

ஒரு ஹோல்டர் பிபி ரிப்போர்ட் (உடம்பில் மெஷினைக் கட்டி 24 மணி நேரம் தானாக பிபி எடுப்பது). அடையாளங்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் தருகிறேன்.

ஆண், 52 வயது. பிபி மாத்திரை எதுவும் இல்லை. கிளினிக்கில் இரண்டு வருகைகளின் சராசரி 154/96. கை நடுவில் சுற்றளவு 36 செ.மீ. காலை 10.30-க்குக் கட்டி, மறுநாள் 9.50-க்குக் கழற்றியிருக்கிறார்கள். காலை 6 முதல் இரவு 10 வரை 20 நிமிடத்துக்கு ஒன்று, மீதி நேரம் 30 நிமிடத்துக்கு ஒன்று.

முயன்ற ரீடிங் 62. தேறியது 39 (பகலில் 46-க்கு 33, இரவில் 16-க்கு 6).

24 மணி நேர சராசரி 132/82
பகல் 133/84
இரவு 124/74

கடைசிப் பக்கத்தில் சாஃப்ட்வேர் அச்சிட்ட முடிவு: "வெள்ளை அங்கி உயர் ரத்த அழுத்தம். நான்-டிப்பர், 6.8%." (கிளினிக்கில் மட்டும் பிபி ஏறுவது வெள்ளை அங்கி. இரவில் பிபி போதிய அளவு இறங்காதது நான்-டிப்பர்.)

இரண்டு கேள்விகள். இதை வைத்து "மாத்திரை வேண்டாம், வருடம் ஒருமுறை வாங்க" என்று அனுப்பலாமா? நான்-டிப்பர் என்று போட்டிருப்பதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

#2 கார்டியோ_நெல்லை

அந்த முடிவு வரி தனக்குத் தானே முரண்படுகிறது சார். வெள்ளை அங்கி என்று சொல்ல எந்த வரையறையை எடுத்தார்கள்?

பகல் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி. அதன்படி 133/84 தப்பித்துவிடுகிறது. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2013-லேயே இரவையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது: 24 மணி நேர சராசரி 130/80, பகல் 135/85, இரவு 120/70, மூன்றுக்கும் கீழே இருந்தால்தான் வெள்ளை அங்கி. உங்கள் ஆளுக்கு 24 மணியும் மேலே, இரவும் மேலே. அமெரிக்காவின் 2017 அளவுகோலை எடுத்தால் (பகல் 130/80, இரவு 110/65, 24 மணி 125/75) மூன்றுமே மேலே.

ஒரே தாள், மூன்று வழிகாட்டி, இரண்டு தீர்ப்பு. சாஃப்ட்வேருக்குள் எந்த எல்லையை யார் போட்டு வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடைசி வரி வரும். பல இடங்களில் மெஷினோடு வந்த அமைப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. 62-க்கு 39 என்றால் 63 சதவீதம். ஐரோப்பியப் பரிந்துரை 70 சதவீதம் தேற வேண்டும் என்கிறது, அதோடு விழித்திருக்கும்போது குறைந்தது 20, தூக்கத்தில் குறைந்தது 7. நைஸ் கேட்பது விழித்திருக்கும் நேரத்தில் 14 மட்டுமே. ஆக, பகலைப் பற்றி ஏதோ பேசலாம், இரவைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. நான்-டிப்பர் என்ற சொல்லை இப்போதே அடித்துவிடலாம்.

#3 டெக்_குமரன்

36 செ.மீ. கைக்கு எந்த கஃப் (கையில் சுற்றிக் காற்று ஊதும் பட்டை) போட்டார்கள் என்று கேளுங்கள் டாக்டர். அதற்குப் பதில் தெரியாமல் மற்ற எதைப் பேசியும் பிரயோஜனம் இல்லை.

சாதாரண பெரியவர் கஃப் 27 முதல் 34 செ.மீ. வரை. பெரிய கஃப் 35 முதல் 44. (கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு செ.மீ. மாறும், கஃப் மேலேயே அச்சடித்திருக்கும்.) மெஷின் வாங்கும்போது பெட்டியில் ஒரே கஃப்தான் வரும். பெரியதைத் தனியாக ஆர்டர் போட வேண்டும், பல இடங்களில் போடுவதில்லை. அந்தச் சாதாரண கஃப்பைத்தான் எல்லார் கையிலும் இழுத்துக் கட்டுவார்கள்.

#4 சிற்றூர்_ஃபிசிஷியன்

லேபில் கேட்டேன். "எல்லாருக்கும் போடுற கஃப்தான் சார்."

நோயாளி ஒரு தாளில் குறித்தும் வைத்திருக்கிறார்: மதியம் 2 முதல் 3.30 வரை தூக்கம், இரவு 11.30-க்குப் படுக்கை, காலை 5.15-க்கு எழுந்தது. லேபில் இதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

#5 பயோமெட்_செல்வி

டாக்டர், ரீடிங் ஒவ்வொன்றும் நேரத்தோடு பட்டியலாகப் பின்பக்கத்தில் இருக்கும். "இரவு" என்று கணக்கிட்ட ஆறையும், மதியத் தூக்கத்தில் எடுத்ததையும் போட முடியுமா?

#6 சிற்றூர்_ஃபிசிஷியன்

இரவு ஆறு:
10.00 – 138/84
10.30 – 134/80
11.00 – 130/78
1.30 – 108/66
4.00 – 110/64
5.30 – 124/72

மதியம்:
2.20 – 116/72
2.40 – 112/68
3.00 – 114/69
3.20 – 118/71

2.00 மணி ரீடிங் எரர்.

#7 பயோமெட்_செல்வி

நினைத்தது சரிதான். மெஷினுக்கு இரவு என்பது 10-லிருந்து 6. இவருக்கு இரவு என்பது 11.30-லிருந்து 5.15. ஆறு ரீடிங்கில் நான்கு, மனிதர் விழித்திருக்கும்போது எடுத்தவை. உண்மையில் தூக்கத்தில் எடுத்தது இரண்டே இரண்டு: 108/66, 110/64.

இப்போது கணக்கை மாற்றிப் போடுங்கள். பகல் 33 ரீடிங்கின் சிஸ்டாலிக் (மேலெண்) மொத்தம் 4389. அதில் மதியத் தூக்கத்தின் நான்கு (460) கழிந்தால் 3929. விழித்திருந்த நான்கு "இரவு" ரீடிங்குகளை (138, 134, 130, 124, கூட்டினால் 526) சேர்த்தால் 4455. மறுபடியும் 33-ஆல் வகுத்தால் 135. டயஸ்டாலிக்கையும் (கீழெண்) இதே மாதிரி செய்தால் 85.

133/84 என்றிருந்த பகல், டைரியைப் பார்த்ததும் 135/85 ஆகிவிட்டது. நைஸ் அளவுகோலிலும் இப்போது கோட்டின் மேல் நிற்கிறார். ஒரு ரீடிங்கைக்கூடத் திருத்தவில்லை, எந்தக் கூடையில் போடுவது என்பதை மட்டும் மாற்றினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 24 மணி சராசரி 132, எல்லா ரீடிங்கையும் கூட்டி 39-ஆல் வகுத்தது. பகல் ரீடிங் 33, இரவு 6 என்பதால் பகல் பக்கம் சாய்ந்துவிட்டது. மெஷினின் அதே பகல், இரவு சராசரிகளை மணி நேரத்தால் எடையிட்டால் (16 × 133 + 8 × 124, வகுத்தல் 24) 130 வருகிறது. சில சாஃப்ட்வேர் எடையிட்டுத் தரும், சிலது தராது. இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

#8 கார்டியோ_நெல்லை

//எந்தக் கூடையில் போடுவது என்பதை மட்டும் மாற்றினோம்//

நம் ஊரில் மதியத் தூக்கம்தான் இதில் பெரிய குளறுபடி. அந்த ஒன்றரை மணி நேரம் பகல் சராசரியைக் கீழே இழுக்கிறது, இரவு எவ்வளவு இறங்கியது என்ற விகிதத்தையும் சின்னதாக்குகிறது. டைரியே இல்லாமல் வருபவர்களுக்கு ஒரு வழி உண்டு: பகல் என்பதைக் காலை 9 – இரவு 9, இரவு என்பதை 1 – 6 என்று குறுக்கிக்கொண்டு, நடுவில் உள்ள இரண்டுங்கெட்டான் நேரத்தை விட்டுவிடுவது. ஆனால் மதியம் தூங்குபவருக்கு அதுவும் கைகொடுக்காது, 2 மணி அந்த 9–9-க்குள்தான் வருகிறது.

#9 பொதுமருத்துவம்_தஞ்சை

சரி, ஆக இவருக்கு பிபி இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாமா?

#10 டெக்_குமரன்

முடியாது டாக்டர். கஃப்பை மறந்துவிட்டீர்கள். 36 செ.மீ. கைக்குச் சின்ன கஃப் போட்டால் ரீடிங் உண்மையைவிட மேலே போகும்.

#11 பயோமெட்_செல்வி

குமரன் சொன்னதற்கு எண் வேண்டுமானால், 2023-இல் அமெரிக்காவில் நடந்த கஃப் அளவு ஆய்வு இருக்கிறது. பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப் போட்டபோது சிஸ்டாலிக் சராசரியாக 4.8 மி.மீ. கூடியது. அதைவிடப் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 19.5 மி.மீ. அது உட்கார வைத்து எடுத்தது, நடமாடும்போது எடுத்தது அல்ல. அதனால் 135-லிருந்து 5-ஐக் கழித்து 130 என்று எழுதிவிட முடியாது, ஒருவருக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று சராசரி சொல்லாது. திசை மட்டும் தெரியும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: "60 ரீடிங் எடுக்கிறோமே, தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாதா?" போகாது. கை அசைந்தது, பேசியது, படி ஏறியது, இவை முன்னும் பின்னுமாகச் சிதறும் தவறுகள், எண்ணிக்கை கூடக் கூடச் சராசரியில் கரையும். கஃப் சின்னது, படுக்கையில் கை இதயத்துக்கு மேலே இருக்கிறது, மெஷினின் கணக்கு முறை இந்த நாளத்துக்குப் பொருந்தவில்லை, இவை ஒரே பக்கம் தள்ளும் தவறுகள். 60 முறை எடுத்தால் அதே தவறு 60 முறை வரும், அவ்வளவே. அச்சில் அது துல்லியம் போலத் தெரிவதுதான் ஆபத்து.

மெஷினின் கணக்கு முறை என்றேனே, அது இது. ஹோல்டர் பிபி பெரும்பாலும் ஆஸிலோமெட்ரிக். கஃப்பை ஊதி, படிப்படியாகக் காற்றை இறக்கும்போது நாளத்தின் துடிப்பால் கஃப்புக்குள் எழும் சிற்றலைகளைப் பதிகிறது. அலை உச்சத்தில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய சராசரி நாள அழுத்தம். சிஸ்டாலிக்கும் டயஸ்டாலிக்கும் நேராக அளப்பவை அல்ல, அலையின் வடிவத்திலிருந்து கணக்கிட்டு எடுப்பவை. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு கம்பெனியின் ரகசியம். அதனால்தான் ஒரே கையில் இரண்டு கம்பெனி மெஷின் சில மி.மீ. வித்தியாசம் காட்டும், இரண்டுமே பழுதில்லை.

மெஷின் சோதிக்கப்பட்டதா என்று பார்க்க ஐஎஸ்ஓ 81060-2 தரநிலை. 85 பேரிடம், ஸ்டெதஸ்கோப்பில் காது வைத்து எடுக்கும் ரீடிங்கோடு ஒப்பிட்டு, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள், திட்ட விலக்கம் (வித்தியாசங்களின் சிதறல்) 8-க்குள் இருக்க வேண்டும். நடமாடும் கருவி என்றால் உடல் உழைப்போடு 35 பேரிடம் கூடுதல் சோதனை. தேறிய மாடல்களின் பட்டியல் ஸ்டிரைட் பிபி தளத்தில் இருக்கிறது. மாடல் எண்ணை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள், ஒரே கம்பெனியின் ஒரு மாடல் தேறியிருக்கும், பக்கத்து மாடல் சோதனைக்கே போயிருக்காது. தேறியது என்பதற்கும் அளவு உண்டு: விலக்கம் 8 என்றால் தேறிய மெஷினே ஒரு தனி ஆளிடம் 10 மி.மீ. தள்ளிக் காட்டலாம்.

#12 பொதுமருத்துவம்_தஞ்சை

இவ்வளவு ஓட்டை உள்ள சோதனைக்கு ஏன் நோயாளியை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வதைக்க வேண்டும்? வீட்டில் ஒரு மெஷின் வாங்கி ஒரு வாரம் பார்த்தால் போகிறது.

#13 கார்டியோ_நெல்லை

ஓட்டை சோதனையில் இல்லை டாக்டர், கட்டிய விதத்தில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் 24 மணி சராசரி கிளினிக் ரீடிங்கைவிடத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். பின்னால் வரும் மரணத்தையும் கிளினிக் எண்ணைவிட நன்றாக முன்சொல்கிறது. 2023-இல் லான்செட்டில் வந்த ஸ்பெயின் பதிவேடு, 59,124 பேர், ஏறக்குறைய பத்தாண்டுத் தொடர்ச்சி: இரவு சிஸ்டாலிக்தான் எல்லாவற்றிலும் வலுவானது. (அதே பதிவேட்டை வைத்து 2018-இல் வந்த 63,910 பேர் கட்டுரையை இன்னும் ஸ்லைடில் போடுகிறார்கள். அது திரும்பப் பெறப்பட்டது. 2023-ஐ எடுங்கள்.)

வீட்டு ரீடிங் நல்லதுதான், முறைப்படி எடுத்தால்: காலை இரண்டு, மாலை இரண்டு, இடையில் ஒரு நிமிடம், 7 நாள், முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி 24-க்குச் சராசரி. எல்லை அதே 135/85. ஆனால் இரவு தெரியாது. இவருக்கு வாங்கும் வீட்டு மெஷினிலும் கஃப் பிரச்சினை அப்படியே இருக்கும், கடையில் பலதும் 22–32 செ.மீ. கஃப்தான். 22–42 என்று போட்ட அகலக் கஃப் கேட்டு வாங்க வேண்டும். நினைவில் வைத்து எழுதும் தாளை நம்பாதீர்கள், மெஷினின் மெமரியைப் பாருங்கள். தாளில் எல்லாமே 120/80, 130/80 என்று பூஜ்யத்தில் முடியும்.

எந்தச் சந்தேகத்துக்கு எது என்று பிரித்துக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிடுபவரைத் தொடர்ந்து பார்க்க வீட்டு ரீடிங். கிளினிக்கில் அதிகம், வெளியில் தெரியவில்லை என்றாலோ, கிளினிக்கில் சரியாக இருந்தும் இதயத் தசை தடித்திருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது என்றாலோ, ஹோல்டர்.

#14 நெஃப்ரோ_கோவை

டிப்பர், நான்-டிப்பர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் பதிவின் இரண்டாம் கேள்வியை யாரும் முழுதாகத் தொடவில்லை.

இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்கினால் டிப்பர். 10-க்குக் கீழ் நான்-டிப்பர். இறங்காமல் ஏறினால் ரைசர். 20-க்கு மேல் அதீத டிப்பர். இந்த நான்கும் ஒரே ரிப்போர்ட்டை வைத்துப் பேசத் தகுதியற்றவை. அதே ஆளுக்குச் சில வாரம் கழித்துக் கட்டினால் கணிசமானோர் வகை மாறிவிடுகிறார்கள். காரணம் எளிது: இது பகல், இரவு என்ற இரண்டு சராசரிகளின் வித்தியாசம், இரண்டிலும் உள்ள தடுமாற்றம் இதில் கூடிவிடுகிறது. அன்று பகலில் ஒருவர் சும்மா படுத்திருந்தாலே பகல் சராசரி இறங்கும், அவர் நான்-டிப்பர் ஆகிவிடுவார். இரவில் கஃப் இறுக்கி இறுக்கி எழுப்பிவிட்டாலும் அதேதான். உங்கள் ரிப்போர்ட்டிலேயே பாருங்கள், சிஸ்டாலிக்கில் 6.8 சதவீதம், டயஸ்டாலிக்கில் 84-லிருந்து 74, அதாவது 11.9 சதவீதம். மேலெண்ணில் நான்-டிப்பர், கீழெண்ணில் டிப்பர்!

நான் பார்ப்பது விகிதத்தை அல்ல, இரவு எண்ணை. 120/70-க்கு மேலே நிற்கிறதா? இரண்டு பதிவுகளிலும் நிற்கிறதா? நின்றால் காரணத்தைத் தேட வேண்டும்: சிறுநீரகம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை. 52 வயது, கைச் சுற்றளவு 36 என்றால் குறட்டை உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள், அவரிடம் கேட்காதீர்கள்.

"நான்-டிப்பர், அதனால் மாத்திரையை ராத்திரிக்கு மாற்று" என்ற பழக்கத்துக்கும் அடிப்படை போய்விட்டது. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்த டைம் ஆய்வு (லான்செட், 2022) காலை, மாலை இரண்டுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணத்தில் வித்தியாசம் காணவில்லை. மறக்காமல் சாப்பிடும் நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 24 மணி நேரப் பதிவு பாதிக் கதைதான். டயாலிசிஸ் முடிந்ததிலிருந்து அடுத்தது வரை நீர் சேரச் சேர பிபி ஏறும். முடிந்தால் 44 மணி நேரம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) உள்ள கையில் ஒருபோதும் கட்டக்கூடாது. மார்பக அறுவையில் அக்குள் முடிச்சுகளை எடுத்த பக்கமும் வேண்டாம்.

#15 மட்டக்களப்பு_வைத்தியர்

நல்ல கலந்துரையாடல். இரவில் குருதியமுக்கத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: படுக்கும் நிலை.

கஃப் இடது கையில் இருக்கிறது, ஆள் வலப்பக்கம் சரிந்து படுக்கிறார் என்றால், இடது மேற்கை இதயத்துக்கு மேலே நிற்கும். ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் ஏறக்குறைய 7.5 மி.மீ. குறையும். 15 செ.மீ. என்றால் 11 மி.மீ. மேலே உள்ள 108, 110 இரண்டும் அப்படி வந்தவையாகவும் இருக்கலாம். மல்லாந்து படுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அதனால் "டிப்பிங் நன்றாக இருக்கிறது" என்று மகிழ்வதிலும் அவதானம் தேவை.

இரவுப் பணி செய்பவர்களுக்கு (வைத்தியசாலைத் தாதியர், காவலாளிகள்) கருவியின் பகல், இரவு அமைப்பை அன்றைய தூக்க நேரத்துக்கு மாற்றிவிட்டே கட்ட வேண்டும். பின்னர் மாற்றினால் தூக்கத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கி எழுப்பியிருக்கும், எடுத்த எண்ணும் தூக்கத்தின் எண் அல்ல.

#16 மருந்தகம்_விழுப்புரம்

நாடி ஒழுங்கில்லாதவர்களுக்கு (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) ஹோல்டர் போடவே கூடாது என்கிறார்களே?

#17 கார்டியோ_நெல்லை

போடலாம். ஒவ்வொரு துடிப்பிலும் அலையின் உயரம் மாறுவதால் தனி ரீடிங் தாறுமாறாக இருக்கும், எரரும் கூடும். ஆனால் பல ரீடிங் இருப்பதால் சிஸ்டாலிக் சராசரியை ஏற்கலாம், டயஸ்டாலிக்கைச் சற்று ஒதுக்கி வைத்தே பார்க்க வேண்டும். கட்டுமுன் நாடியைக் கைவைத்துப் பார்த்துத் தாளில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் படிப்பவர் எரர் எண்ணிக்கையைப் பார்த்து மெஷினைக் குறை சொல்வார்.

ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கையில் செம்புள்ளிகளும் ரத்தக்கட்டும் வரலாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

#18 ஸ்மார்ட்வாட்ச்_ரசிகன்

கஃப்பே இல்லாத வாட்ச் வந்துவிட்டதே? தூக்கமும் கெடாது, கஃப் அளவுச் சிக்கலும் இல்லை.

#19 பயோமெட்_செல்வி

அவற்றில் பெரும்பாலானவை அழுத்தத்தை அளப்பதில்லை. நாடி அலையின் வடிவத்தையோ வேகத்தையோ வைத்து மதிப்பிடுகின்றன, இடையிடையே கஃப் மெஷினோடு பொருத்திக்கொள்ளச் சொல்கின்றன. மேலே சொன்ன ஐஎஸ்ஓ சோதனை கஃப் கருவிகளுக்கானது, இவற்றுக்கு அது போதாது. ஐரோப்பியச் சங்கம் 2022-இல், நோய் கண்டறியவோ சிகிச்சையை மாற்றவோ இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது.

#20 டெக்_குமரன்

கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் 39/62 என்பது நோயாளியின் தவறு அல்ல, கட்டியவரின் கணக்கு.

முதலில் இரண்டு கையிலும் பிபி. சிஸ்டாலிக் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் கூடுதலாக உள்ள கை. இல்லையென்றால் அதிகம் புழங்காத கை. பிறகு டேப். தோள்பட்டை எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுத்து, அந்த எண்ணையும் போட்ட கஃப்பின் அளவையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். கஃப்புக்குள் இருக்கும் ரப்பர்ப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் என்பது கணக்கு.

கட்டும்போது கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே. நாளக் குறி உள்ளே துடிக்கும் இடத்தின் மேல். ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாகப் போனால் ராத்திரி கழன்றுவிடும். மேலே பருத்து கீழே சிறுத்த கைகளில் கஃப் வழுக்கிக்கொண்டே இறங்கும், சற்று சாய்வாகச் சுற்றினால் நிற்கும். பெண்களுக்கு ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டுக் கட்டுவதைப் பார்க்கலாம், சுருட்டிய துணியே கையை நெரிக்கும். கட்டும் நாளுக்குத் தளர்வான கை வைத்த உடை போட்டு வரச் சொல்லி முதல் நாளே தகவல் கொடுங்கள். வியர்வைக்கு மெல்லிய பருத்தி உறை போடலாம், கம்பெனிக் குறிப்பு அனுமதித்தால்.

குழாய் மேல்நோக்கித் தோள் பக்கம் போக வேண்டும், கழுத்தின் பின்னால் வந்து மறுபக்கம் இடுப்புக்கு இறங்க வேண்டும். கீழ்நோக்கி விட்டால் படுக்கும்போது மடங்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 11.30-க்கு மேல் வரிசையாக எரர் என்றால் மூன்று சந்தேகம்: குழாய் மடிந்தது, கஃப் கழன்றது, பேட்டரி. எரர் எண்ணைப் பாருங்கள். காற்றுக் கசிவு, அசைவு, துடிப்பு கிடைக்கவில்லை, பேட்டரி குறைவு, ஒவ்வொன்றுக்கும் தனி எண், விளக்கம் மெஷின் கையேட்டில்.

பேட்டரிக்குப் புதிய ஆல்கலைன், அல்லது முழு சார்ஜ் ஏற்றிய நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கடையில் கிடைக்கும் மலிவு துத்தநாக-கார்பன் செல் மோட்டாருக்குத் தாங்காது, பகல் முழுவதும் நன்றாக ஓடி நள்ளிரவில் கையை விரிக்கும். செல்லை மாற்றும்போது மெஷின் கடிகாரம் பின்னால் போயிருந்தால் ரிப்போர்ட் முழுவதும் நேரம் தப்பும், கட்டுமுன் கைபேசியோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

திரையில் எண் தெரியாதபடி அணைத்துவிட வேண்டும். 160 என்று பார்த்தால் அடுத்தது 170 வரும். பிறகு அங்கேயே உட்கார வைத்து இரண்டு ரீடிங், அதே கையில் உங்கள் மெஷினிலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

சொல்லி அனுப்ப வேண்டியது குறைவு: ஊதத் தொடங்கியதும் நில், பேசாதே, கையைத் தளர்த்தித் தொங்கவிடு அல்லது மேசையில் வை. தோற்றால் ஓரிரு நிமிடத்தில் மறுபடி ஊதும், பயப்பட வேண்டாம். குளியல் இல்லை. வழக்கமான வேலைக்குப் போ, இதற்காக லீவு போடாதே. இருசக்கர வண்டியில் போகும்போது எடுக்கும் ரீடிங் அனேகமாக வீண்: கைப்பிடியில் தசை இறுகியிருக்கும், இன்ஜின் அதிர்வும் அலையில் கலக்கும். ஓரம் கட்டி நிறுத்த முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்த ரீடிங் போகட்டும். வண்டி ஓட்டும் ஆள் கஃப்பைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

#21 பயோமெட்_செல்வி

மெஷின் பக்கம்: ஆண்டுக்கு ஒருமுறையாவது அல்லது கம்பெனி சொன்ன இடைவெளியில், டி-இணைப்புக் குழாய் வைத்து ஒப்பீட்டு அழுத்தமானியோடு 50, 100, 150, 200, 250-இல் சரிபார்க்க வேண்டும். ±3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கஃப்பை உருளையில் சுற்றி ஊதிப் பிடித்தால் நிமிடத்துக்கு 6 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் முதலில் இணைப்பு முனையின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

#22 பொதுமருத்துவம்_தஞ்சை

அபத்தமான ரீடிங்குகளைக் கையால் அழிக்கலாமா? 188/142 என்று ஒன்று நடுவில் நிற்கும், முன்னும் பின்னும் 130.

#23 நெஃப்ரோ_கோவை

கை வைக்காதீர்கள். பிடிக்காத எண்ணை அழிக்கத் தொடங்கினால் ரிப்போர்ட் நம் விருப்பப்படி வந்துவிடும். எல்லைகளைச் சாஃப்ட்வேரில் ஒருமுறை அமைத்துவிட்டு எல்லாருக்கும் அதையே வையுங்கள்: சிஸ்டாலிக் 70–260, டயஸ்டாலிக் 40–150, நாடி 20–200, இதற்கு வெளியே போனால் தானாக நீக்கம். 188/142 உள்ளே நின்றால் நிற்கட்டும். 33 ரீடிங்கில் ஒன்று 58 மி.மீ. தவறினாலும் சராசரி 2 மி.மீ. கூட நகராது.

#24 கார்டியோ_நெல்லை

பாதி ஒத்துக்கொள்கிறேன். கோட்டின் மேல் நிற்பவருக்கு அந்த 2 மி.மீ. பெரிது, மேலே 133-க்கும் 135-க்கும் நடந்ததைப் பார்த்தோமே. ஆனால் அதற்கு மருந்து அழிப்பது அல்ல, மறுபடி கட்டுவது.

#25 சிற்றூர்_ஃபிசிஷியன்

அனைவருக்கும் நன்றி. லேபுக்கு எழுதிவிட்டேன்: 35–44 கஃப், புதிய பேட்டரி, இரவு நேரத்தை 11.30–5.15 என்று அமைத்து, இரவிலும் 20 நிமிடத்துக்கு ஒன்று, டைரித் தாள் கட்டாயம். கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இசிஜி மூன்றும் இதற்காகக் காத்திருக்காமல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை உப்பும் எடையும் பற்றிப் பேச்சு, மாத்திரை இல்லை.

இரவிலும் 20 நிமிடம் அதிகமோ?

#26 டெக்_குமரன்

ஐந்தே முக்கால் மணி நேரத் தூக்கம்தானே டாக்டர். 30 நிமிடம் என்றால் 11 முயற்சி, பாதி தோற்றால் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். 20 நிமிடம் என்றால் 17. பாதி போனாலும் ஏழைத் தாண்டிவிடும். 20-ஏ வையுங்கள். காலையில் கழற்ற வரும்போது "எத்தனை தடவை முழிப்பு வந்தது" என்று ஒரு வார்த்தை கேட்டு டைரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.